டிஷ் ஒயரை கம்ப்யூட்டர்ல சொருகி டிவி ரெக்கார்ட் பண்றீங்களா, இந்த தப்பையெல்லாம் நானே பண்ணிட்டேன், நீங்க பண்ணாதீங்க

போன மார்கழில பெரியம்மாவுக்காக டிடி தமிழ்ல வந்த ஒரு கச்சேரியை ஹால்ல இருக்குற பிசில ரெக்கார்டிங் போட்டு வெச்சிருந்தேன். மறுநாள் போட்டு விட்டா, தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சு மிருதங்கமும் கடமும் நல்லா சூடு பிடிக்கிற இடத்துல டப்புன்னு முடிஞ்சிருச்சு. "இதுக்கு அந்த பழைய விசிஆரே தேவலடா"ன்னுட்டு எழுந்து போயிட்டாங்க. ஏன் அப்படி ஆச்சுன்னு பின்னாடி சொல்றேன், முதல்ல கடைக்கு போறதுக்கு முன்னாடியே பண்ற தப்புலேருந்து வருவோம்.

ட்யூனர் கார்டு, அதாவது டிவி சிக்னலை கம்ப்யூட்டருக்குள்ள எடுக்குற கார்டு, வாங்குனா வீட்ல இருக்குற டிடிஎச் எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துரும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. வராது. காசு கட்டி பாக்குற டிடிஎச் சிக்னல் பூட்டி தான் வருது, அதோட சாவி அந்த கம்பெனி பாக்ஸுக்குள்ள தான் இருக்கு, உங்க கார்டு ஸ்கேன் பண்ணி சேனல் பேரெல்லாம் வரிசையா காட்டும் ஆனா திறந்தா கருப்பு. கேபிள் செட்டாப் பாக்ஸும் இதே கதை தான். பாக்ஸோட எச்டிஎம்ஐலேருந்து கேப்சர் கார்டுக்கு (வெளிய வர்ற படத்தை பிசில பதியுற கார்டு) இழுத்துக்கலாம்னு பாத்தா அங்க எச்டிசிபின்னு இன்னொரு பூட்டு. அதனால நம்ம ஊர்ல இந்த வேலைக்கு ஒத்து வர்றது மாச சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் தான், கிழக்கு 93.5 டிகிரில நிக்குற ஜிசாட்-15ல இருந்து வருது. அதுலயும் ஸ்கேன் பண்ணும்போது ஏதாவது சேனல் லாக்னு காட்டுனா விட்டுட்டு அடுத்ததுக்கு போங்க, மல்லுக்கட்டாதீங்க.

கார்டு வாங்கும்போது டிவிபி-எஸ்2ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, டிஷ் சிக்னலை அனுப்புற முறையோட பேரு அது, டிவிபி-எஸ் பழசு, எஸ்2 புதுசு. வெறும் எஸ் மட்டும் இருந்தா பழைய எம்பெக்-2 (படத்தை அமுக்குற பழைய முறை, எம்பெக்-4 அதுக்கு அடுத்தது) சேனல்களோட நின்னுரும், எம்பெக்-4 சேனல்கள் பெரும்பாலும் எஸ்2ல தான் வருது, எஸ்2 கார்டு ரெண்டையும் எடுக்கும். ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குற அந்த சின்ன யுஎஸ்பி டிவி ஸ்டிக் ஆன்டெனாவுக்கானது, டிஷ் ஒயர் அதுக்கு ஆகாது. மஞ்சள் சிவப்பு வெள்ளை பின் இருக்குற பழைய கார்டு அனலாக், காயலாங்கடைக்கு தான் லாயக்கு. லினக்ஸ் போடப் போறீங்கன்னா காசு குடுக்குறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு டிரைவர் இருக்கான்னு ஒருதடவை தேடிருங்க.

அடுத்தது ஸ்ப்ளிட்டர். இதுல மாட்டாதவங்களே கிடையாது. மொட்டை மாடியிலேருந்து வர்ற ஒரே ஒயரை ரெண்டா பிரிச்சு ஒண்ணை செட்டாப் பாக்ஸுக்கும் ஒண்ணை பிசிக்கும் குடுத்துருவோம். முதல் விஷயம், கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் பொதுவா 5லேருந்து 1000 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தான், ஆனா எல்என்பிலேருந்து (டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிட்டு நிக்குற அந்த தலை) கீழ இறங்குற சிக்னல் 950லேருந்து 2150 வரைக்கும் இருக்கும், அப்போ முக்கால்வாசி அங்கயே செத்துருது. சரி, டிஷ்ஷுக்குன்னே வர்ற ஸ்ப்ளிட்டர் போட்டாலும் இன்னொரு வில்லங்கம் இருக்கு. அந்த ஒயர்ல சிக்னல் கீழ மட்டும் வர்றதில்ல, கரண்ட்டு மேலயும் போகுது. சாட்டிலைட் சிக்னல் வெர்ட்டிகல், ஹரிசாண்டல்னு ரெண்டு பக்கமா வருது, ரிசீவர் (செட்டாப் பாக்ஸோ பிசி கார்டோ) 13 வோல்ட் அனுப்புனா எல்என்பி வெர்ட்டிகல் பக்கம் திரும்பும், 18 அனுப்புனா ஹரிசாண்டல், மேல் பேண்டு வேணும்னா கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் டோன் போகும். ரெண்டு பேரும் ஒரே பக்கத்தை கேக்குற வரைக்கும் எல்லாம் சுகமா ஓடும், அதனால தான் இந்த தப்பு ரொம்ப நாளைக்கு வெளிய தெரியாது. என்னைக்கு ஒருத்தர் வேற பக்கம் கேக்குறாரோ அன்னைக்கு மத்தவரோட ரெக்கார்டிங் அம்போ. ரெண்டு தனி அவுட்புட் இருக்குற ட்வின் எல்என்பி வாங்கி ரெண்டு தனி ஒயர் இழுத்துருங்க, செலவும் பெருசா ஆகாது.

சிக்னல் பாக்கும்போது ஸ்ட்ரெங்த் நிறைய இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, குவாலிட்டியை பாருங்க. டிவிஹெட்எண்ட்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஸ்டேட்டஸ் பக்கத்துல கன்டின்யூட்டி எரர்னு ஒரு கட்டம் இருக்கும், வர்ற டேட்டா நடுவுல விட்டுப்போறதை எண்ணி காட்டும், வெயில் அடிக்குற நாள்லயே அந்த எண்ணு ஏறிட்டே இருந்துச்சுன்னா மழை வந்தா உங்களுக்கு கட்டம் கட்டமா தான் படம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். டிஜிட்டல் டிவியில பிசி படம் "பிடிக்கிறது" எதுவும் இல்லைங்க. சேனல்காரங்க ஏற்கனவே அமுக்கி அனுப்புன டேட்டா தான் வானத்துலேருந்து வருது, நம்ம பிசி அதுல நமக்கு வேணுங்கிற சேனலை மட்டும் பிரிச்சு டிஸ்க்குல எழுதி வைக்குது, அவ்ளோ தான். அது புரியாம ரெக்கார்ட் ஆகும்போதே எம்பி4 ஆ மாத்து, சைஸை குறைன்னு செட்டிங் போட்டு வைக்கிறவங்க இருக்காங்க, நானும் இருந்தேன். ப்ராசஸர் மூச்சு வாங்கும், நடுவுல ஃப்ரேம் விடும், ஏற்கனவே சுமாரா இருக்குற படம் இன்னும் கேவலமாகும். வர்றதை அப்படியே டிஎஸ் ஃபைலா (ஒளிபரப்பு டேட்டா வர்ற அதே வடிவம்) விட்டுருங்க. 4 எம்பிபிஎஸ் சேனல்னா ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி, இன்னைக்கு டிஸ்க் விக்கிற விலைக்கு இது ஒரு சைஸா? ஆனா டிஸ்க் ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மேட்ல இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்டாது, மூணு மணி நேர படம் கிளைமாக்ஸ் இல்லாம நிக்கும். இன்னொண்ணு, ஒரு ட்யூனர்னா ஒரு சேனல்னு நினைச்சு ரெண்டாவது கார்டு வாங்க ஓடாதீங்க. ஒரு ட்யூனர் பிடிக்கிறது ஒரு ட்ரான்ஸ்பாண்டரை, அதாவது சாட்டிலைட்ல இருக்குற ஒரு ஒளிபரப்பு பாதையை, அதுல பல சேனல் ஒண்ணா கட்டி வருது, ஒரே ட்ரான்ஸ்பாண்டர்ல இருக்குற ரெண்டு மூணு சேனலை ஒரே நேரத்துல எழுத ஒரு ட்யூனரே போதும்.

சாஃப்ட்வேர் பத்தி சுருக்கமா. கோடி (Kodi)ங்கிற பிளேயர் சாஃப்ட்வேர் போட்டா ரெக்கார்ட் ஆகும்னு நினைக்காதீங்க, அது முன்னாடி நிக்குற முகம் தான், பின்னாடி டிவிஹெட்எண்ட், நெக்ஸ்ட்பிவிஆர், மித்டிவின்னு ஏதாவது ஒண்ணு வேலை செய்யணும். பழைய வீடியோவை பாத்துட்டு டிவி ரெக்கார்ட் பண்ண விண்டோஸ்ல முன்னாடி இருந்த விண்டோஸ் மீடியா சென்டரை தேடுறவங்க இன்னும் இருக்காங்க, விண்டோஸ் 10 வந்த 2015லயே அதை தூக்கிட்டாங்க.

சரி, பெரியம்மா கச்சேரி. நான் பண்ண தப்பு என்னன்னா ப்ரோக்ராம் கைடுல என்ன முடியுற நேரம் போட்டிருந்துச்சோ அதையே அப்படியே வெச்சுட்டேன். நேரலை நிகழ்ச்சி எது தான் சொன்ன நேரத்துக்கு முடிஞ்சுது? முன்னாடி 5 நிமிஷம், பின்னாடி 15 நிமிஷம் எப்பவும் சேத்து வைங்க, கச்சேரி, கிரிக்கெட்டுன்னா பின்னாடி முக்கால் மணி நேரம் கூட போடலாம். அதுக்கப்புறம் நான் அப்படி போட்டதுல மங்களம் முழுசா வந்து அதுக்கு மேல 20 நிமிஷம் செய்தியும் சேந்து ரெக்கார்ட் ஆயிருந்துச்சு, பெரியம்மா அந்த பழைய செய்தியையும் உக்காந்து பாத்தாங்க.

நேரம்னா இன்னொரு கண்ணி இருக்கு. கைடு டேட்டா உள்ள யுடிசிங்கிற உலகப் பொது நேரத்துல தான் வருது, நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னாடி, பிசில டைம் ஜோன் தப்பா இருந்தா அஞ்சரை மணி நேரம் தள்ளி எதையோ ரெக்கார்ட் பண்ணும். ஒரே மெஷின்ல விண்டோஸும் லினக்ஸும் வெச்சிருந்தா இன்னும் மோசம், போர்டுல இருக்குற கடிகாரத்தை விண்டோஸ் நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும் லினக்ஸ் யுடிசின்னு எடுத்துக்கும், மாத்தி மாத்தி பூட் பண்ணா அதே அஞ்சரை மணி நேரம் முன்னயும் பின்னயும் ஆடும். தூங்குற பிசி ராத்திரி தானா முழிக்கணும்னா இந்த கடிகாரத்தை நம்பித்தான் முழிக்கும், அதனால நம்புறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷ ரெக்கார்டிங் போட்டு தூங்க வெச்சு பாருங்க. கரண்ட் போயி வந்தா தானா ஆன் ஆகுற மாதிரி பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்குற போர்டு செட்டிங்) ஒரு ஆப்ஷன் இருக்கும், அதையும் போட்டுருங்க. நடுராத்திரி அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆகுறது விண்டோஸோட பொழப்பு, அந்த நேரத்தை மாத்தி வைங்க.

பாக்கும்போது வர்ற பிரச்னை ரெண்டு தான். கேமரா பக்கவாட்டுல நகரும்போது ஓரமெல்லாம் சீப்பு பல்லு மாதிரி தெரிஞ்சா டிஇன்டர்லேஸ் (பாதி பாதி வரியா வர்ற படத்தை சேக்குற செட்டிங்) ஆஃப்ல இருக்கு. ஆன் பண்ணியும் கிரிக்கெட் பந்து விக்கி விக்கி போனா ஸ்க்ரீன் 60 ஹெர்ட்ஸ்ல இருக்கு, நம்ம ஊர் ஒளிபரப்பு 50, அதனால 50க்கு மாத்துங்க, கோடில வீடியோவுக்கு ஏத்த மாதிரி தானா மாத்திக்கிற செட்டிங் இருக்கு. ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் வெச்சிருக்கவங்களுக்கு மட்டும், 3 வரைக்கும் எம்பெக்-2வை சிப்புலயே ஓட்ட தனியா காசு குடுத்து லைசென்ஸ் கீ வாங்கணும், 4ல அந்த வசதியே சிப்புல இல்ல ஆனா ப்ராசஸரே தாங்கிடும்.

கடைசியா விளம்பரம் வெட்டுற வேலை. காம்ஸ்கிப் மாதிரி சாஃப்ட்வேர் தானா கண்டுபிடிச்சு வெட்டுறதை கண்ணை மூடிட்டு நம்பாதீங்க, எந்த இடம் விளம்பரம்னு அது குறிச்சு மட்டும் குடுக்கட்டும், வெட்டுறதை நீங்க பாத்து வெட்டுங்க. வெட்டும்போதும் திரும்ப என்கோட் பண்ணாம (மறுபடி அமுக்காம) ஐ-ஃப்ரேம்ல, அதாவது முழு படமா இருக்குற ஃப்ரேம்ல நறுக்கி எம்கேவிங்கிற வீடியோ ஃபைலுக்குள்ள மாத்தி வைங்க, வெட்டு ஒரு செகண்டு முன்ன பின்ன இருக்கும், பரவால்ல. அந்த எம்கேவியை கடைசி வரைக்கும் ஓட்டி உதடும் சத்தமும் ஒத்து போகுதான்னு பாக்குற வரைக்கும் டிஎஸ் ஃபைலை மட்டும் டிலீட் பண்ணிராதீங்க.