ஆஞ்சியோ நார்மல், ஆனா நெஞ்சு வலி நிக்கலையா?

அடைப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க, வலி மட்டும் போகலைன்னா அத மனப்பிரமைன்னு யாரு சொன்னாலும் விட்றாதீங்க. ஆஞ்சியோகிராம்ல பெரிய ரத்தக்குழாய்தான் தெரியும், அரை மில்லிமீட்டருக்கும் கீழ இருக்கற நுண்குழாய் தெரியவே தெரியாது, அதுங்க சரியா விரியலைன்னாலோ திடீர்னு சுருங்கினாலோ இதயத் தசைக்கு ரத்தம் பத்தாம வலி வரும், இதுதான் மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா. பொம்பளைங்களுக்கு, முக்கியமா மாதவிடாய் நின்ன பிறகு, அதிகம் வருது.

முதல்ல ஒரு நோட்டு போடுங்க. வலி எப்போ வந்துச்சு, எவ்ளோ நேரம் இருந்துச்சு, அப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க, குளிரா டென்ஷனா எல்லாம் எழுதுங்க, ஏன்னா இது வேலை செய்யறப்போ மட்டுமில்ல, முடிச்சு உக்காந்த பிறகும் வரும், 10 நிமிஷத்துக்கு மேலயும் இழுக்கும். அந்த நோட்டோட கார்டியாலஜிஸ்ட்கிட்ட போய் இதயத் தசைக்கு ரத்தம் எவ்ளோ போகுதுன்னு காட்டற ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், இல்ல ஆஞ்சியோவோடயே ரத்த ஓட்டத்த அளக்கற டெஸ்ட் தேவையான்னு நேரடியா கேளுங்க. இந்தக் கேள்விய கேக்க தயங்கவே கூடாது.

ஒருத்தருக்கு கேக்கற மருந்து இன்னொருத்தருக்கு கேக்காது, இதயத் துடிப்ப குறைக்கற பீட்டா பிளாக்கர், ரத்தக்குழாய தளர்த்தற கால்சியம் சேனல் பிளாக்கர்னு மாத்தி மாத்தி பாக்க வேண்டியிருக்கும், நீங்களா நிறுத்தாதீங்க. சிகரெட்ட விடணும், பிபி சுகர் கொலஸ்ட்ரால் கட்டுக்குள்ள இருக்கணும். நடைய மெதுவா ஆரம்பிச்சு ஏத்துங்க.

வலி வர்றப்போ நாக்குக்கு அடியில அடிக்கற நைட்ரேட் ஸ்ப்ரே குடுத்திருந்தா உக்காந்துட்டு அடிங்க, தலை சுத்தும். 15 நிமிஷம் ஆகியும் வலி குறையலன்னாலோ, வேர்த்து மூச்சு வாங்கினாலோ, எப்பவும் வர்றதுதானேன்னு இருக்காம உடனே ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.