நம் பகுதிக்கு ஒரு திட்டக் குழு: முதல் நடையிலிருந்து முதல் மனு வரை

"நம்ம ஏரியாவுக்கு ஏதாவது செய்யணும்" என்ற பேச்சு எழாத தெருவே கிடையாது. உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கும். நாலு நாள் சூடாகப் பேச்சு ஓடும். அப்புறம் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. அலுவலகத்தில் கொண்டுபோய் வைக்க, அளந்து எழுதிய ஒரு தாள்தான் கையில் இருக்காது. அந்தத் தாள் வரைக்கும் எப்படிப் போவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இதற்கு நகரத் திட்டமிடல் படித்திருக்க வேண்டாம். அளவு டேப், ஸ்டாப்வாட்ச் உள்ள போன், பென்சில், நடக்கக் கால் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

படி 1: வரைபடத்தில் ஒரு கோடு

குழு எந்த இடத்துக்கானது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிட முடிந்தால் சரியான அளவு. அது ஏறக்குறைய 800 மீட்டர் வரும். இதைவிடப் பெரிதானால், ஒருவர் சொல்லும் பள்ளத்தை மற்றவர் பார்த்தே இருக்க மாட்டார்.

பெரிய சாலையையோ கால்வாயையோ எல்லையாக வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அதைக் கடப்பதுதான் இரண்டு பக்கத்தாருக்கும் பெரும்பாடாக இருக்கும். சாலையைக் கோட்டுக்கு உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

படி 2: ஆட்கள்

ஆறேழு பேர் போதும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்தல் வைத்துத் தொடங்கினால் வேலைக்கு முன்னாலேயே மனத்தாங்கல் வந்துவிடும். தொடக்கத்தில் தேவைப்படுவது இரண்டே பொறுப்புதான்: குறிப்பு எழுத ஒருவர், கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்க ஒருவர்.

அதைவிட முக்கியம், யார் வரவில்லை என்று பார்ப்பது. சொந்த வீட்டுக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் தாமாகவே வந்துவிடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், கடைக்காரர்கள், இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரைப் போய்த்தான் அழைக்க வேண்டும். தெருவில் நடப்பதைப் பொறுத்தவரை பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது கார் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

படி 3: நடந்து பாருங்கள், அளந்து எழுதுங்கள்

முதல் கூட்டத்துக்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள். பேச்சில் தொடங்கும் குழு பேச்சிலேயே நிற்கும் என்பது என் கணிப்பு. ஒரே பாதையை மூன்று வேளை நடக்க வேண்டும்: பள்ளி தொடங்கும் நேரம், உச்சி வெயில், இருட்டிய பிறகு. பகலில் ஒன்றும் தெரியாத மூலை இரவில் யாருமே போகாத மூலையாக இருக்கலாம். முடிந்தால் மழை பெய்த மறுநாளும் ஒருமுறை போய் வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

"நடைபாதை மோசம்" என்று எழுதுவதில் பயனில்லை. "நடைபாதையின் அகலம் 1.8 மீட்டர், மின்கம்பம் இருக்கும் இடத்தில் மீதி 60 சென்டிமீட்டர்" என்று எழுதினால், சக்கர நாற்காலி அங்கே போகாது என்பது படிப்பவருக்கே புரிந்துவிடும். நடைபாதை சாலையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரம் என்றால், 1:12 என்ற சாய்வுக் கணக்குப்படி (உயரத்தைப் போல 12 மடங்கு நீளம்) சரிவுப்பாதை 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். பெயருக்கு ஒரு சிமென்ட் மேட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்பதை இந்த ஒரு கணக்கில் கண்டுபிடித்துவிடலாம்.

வாகன வேகம் அளப்பது இன்னும் எளிது. சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். ஒரு வண்டி முதல் கோட்டைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்ச்சைத் தட்டி, இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 6 நொடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர். 4.5 நொடி என்றால் 40. 3.6 நொடி என்றால் 50. நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்பு மாநாட்டுப் பிரகடனம் சொன்னது. நீங்கள் அளந்த எண்ணையும் அந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும், வர்ணனை எதுவும் வேண்டாம்.

சிக்னலை இன்னும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் புதிய குழுவுக்கு முதல் வெற்றி தரக்கூடிய வேலை இது. சாலையின் அகலத்தை அளந்து கொள்ளுங்கள், 14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்பது பொறியாளர்கள் நெடுநாள் பயன்படுத்திய கணக்கு. அதன்படி கடக்க 12 நொடி போதும். அமெரிக்கா 2009-இல் தன் சிக்னல் கையேட்டில் அந்த வேகத்தை நொடிக்கு 3.5 அடியாக, அதாவது சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தது. அப்படிப் பார்த்தால் 13 நொடி. கைத்தடியோடு நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் பெரியவருக்கு 17.5 நொடி வேண்டும். பச்சை 12 நொடிதான் எரியும் என்றால் மீதி ஐந்தாறு நொடியும் அவர் நடுச்சாலையில்தான் நிற்பார். நடப்போருக்கான பச்சை எத்தனை நொடி எரிகிறது என்று பத்துமுறை எண்ணுங்கள். மினுக்கும் நேரம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கடந்து முடிக்கும் முன்பே சிவப்பு விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று தனியாக ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

வாகனங்களை எண்ணுவதும் வீண் வேலை அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் மூன்று தெருக்களை ஒப்பிட்டு 1972-இல் வெளியிட்ட முடிவு இது: நாளுக்கு சுமார் 2,000 வாகனங்கள் போகும் தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வாகனங்கள் போகும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9 தான். போக்குவரத்து என்பது பொறியாளர் சமாச்சாரம், நமக்கென்ன என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

படி 4: கூட்டத்தில் பேச்சைக் குறையுங்கள்

எந்தக் கூட்டத்திலும் மைக்கை விடாத ஒருவர் இருப்பார். அவரை அடக்கப் பார்ப்பது பகையில்தான் முடியும். கூட்டத்தின் அமைப்பையே மாற்றிவிடுவது நல்லது. பிரிட்டனில் டோனி கிப்சன் 1970-களில் உருவாக்கிய ஒரு வழி இதற்குக் கைகொடுக்கும். பகுதியை அட்டையால் ஒரு மாதிரியாகச் செய்து மேசையில் வைத்துவிடுவார்கள். "விளக்கு", "பெஞ்சு", "மரம்", "குப்பை" என்று எழுதிய சிறு அட்டைகளை மக்கள் தங்களுக்குத் தேவைப்படும் இடத்தில் வைப்பார்கள். மேடையேறிப் பேசத் தேவையில்லை. யார் வைத்தது என்று தெரியவும் வேண்டாம்.

நீங்கள் அட்டையில் வீடு கட்ட வேண்டாம். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் விரித்தால் போதும். எல்லோரும் சுற்றி நிற்க வேண்டும், நாற்காலி போடாதீர்கள். உட்கார்ந்தால் உரை தொடங்கிவிடும். ஒரே இடத்தில் அட்டைகள் குவிந்தால் அங்கேதான் உண்மையான பிரச்சினை இருக்கிறது. ஒரே ஓர் அட்டை மட்டும் விழுந்த இடத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்த ஒருவர் பார்வையற்றவராக இருந்து, அங்கே மூடியில்லாத வடிகால் இருக்கலாம்.

இரண்டு பேர் ஒரே இடத்தில் எதிரெதிர் அட்டைகளை வைப்பார்கள், ஒருவருக்கு வண்டி நிறுத்தும் இடம், இன்னொருவருக்கு மரம். அன்றே தீர்க்கப் பார்க்காதீர்கள். அட்டையைக் குறுக்காகத் திருப்பி வைத்துவிட்டு, "அடுத்த நடையில் இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுங்கள். இடத்தில் நின்று பார்த்தால் பாதிச் சண்டை குறையும்.

படி 5: மூன்று குவியல்

குவிந்த அட்டைகளை மூன்றாகப் பிரியுங்கள். நாமே செய்யக்கூடியவை, கடிதம் எழுதினால் நடக்கக்கூடியவை, பெரிய திட்டமும் பணமும் தேவைப்படுபவை. புதிய குழுக்கள் மூன்றாவது குவியலில்தான் மயங்கும். மேம்பாலம் கேட்பதில் ஒரு கிளுகிளுப்பு உண்டு! ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் இரண்டு வருடம் கழித்துக் காட்ட ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒன்று எடுத்து மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 6: மனு

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. பத்துக் குறைகளை ஒரே கடிதத்தில் அடுக்கினால் அது எந்த மேசைக்கும் சொந்தமில்லாமல் சுற்றும். விளக்கு ஒரு பிரிவு, வடிகால் வேறு பிரிவு, சிக்னல் பல இடங்களில் காவல்துறை. யாருடைய பொறுப்பு என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். வடிவம் இப்படி இருக்கலாம், எண்கள் மாதிரிக்குத்தான்:

பொருள்: பள்ளி முன்புள்ள சிக்னலில் நடப்போருக்கான நேரத்தை 12 நொடியிலிருந்து 18 நொடியாக உயர்த்தக் கோருதல்.

இந்த இடத்தில் சாலையின் அகலம் 14 மீட்டர். மூன்று பள்ளி நாட்களில் காலை 8.30 முதல் 9.00 வரை அளந்தோம். சாலையைக் கடந்த 62 பேரில் 19 பேர் சிவப்பு விழுந்த பிறகும் சாலையில் இருந்தனர். நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 17.5 நொடி தேவை. அளவுத் தாளும் படங்களும் இணைப்பில் உள்ளன. தாங்கள் நேரில் பார்வையிட வந்தால் உடன் வரத் தயாராக இருக்கிறோம்.

இவ்வளவுதான். "பலமுறை முறையிட்டும் அதிகாரிகள் பாராமுகமாக" என்ற வகை வரிகள் வேண்டாம். படிப்பவர் கோபத்துக்குப் பதில் எழுதுவார், கோரிக்கையை மறந்துவிடுவார். கொடுத்த தேதியோடு முத்திரை பதித்த பிரதி ஒன்றை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

பதிலாக "உங்கள் கருத்தைக் கேட்க அழைக்கிறோம்" என்று வரலாம். போய்ப் பேசுங்கள், ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் 1969-இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஓர் ஏணியாகக் காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள்தான். முடிவெடுப்பதில் பங்கு தருவது அதற்கும் மேலே. "இந்தக் கூட்டத்துக்குப் பிறகு வரைபடத்தில் எது மாறலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாம் முடிவாகிவிட்டது என்றால் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டு வந்துவிடலாம்.

படி 7: கொஞ்ச நாள் செய்து பார்க்கச் சொல்லுங்கள்

நிரந்தர மாற்றத்துக்குத் தயங்கும் அலுவலகம் தற்காலிகச் சோதனைக்குச் சம்மதிக்கும். 2009-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வேயின் ஒரு பகுதியை வாகனங்களுக்கு மூடியபோது, மடக்கு நாற்காலிகளைத்தான் முதலில் போட்டார்கள். மக்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்குவதாக அறிவித்தார்கள். உங்கள் தெருவில் அது பெயின்ட் கோடாகவோ நகர்த்தக்கூடிய தடுப்பாகவோ இருக்கலாம். அனுமதி வாங்கிவிட்டு வையுங்கள். வைப்பதற்கு முன்னும் பின்னும் படி 3-இல் செய்த அதே அளவை எடுங்கள்.

படி 8: பட்ஜெட் நாட்காட்டி

மூன்றாவது குவியலுக்கு இதுதான் வாசல். உள்ளாட்சி பட்ஜெட் எந்த மாதம் முடிவாகிறது என்று கேட்டு, அதற்கு நாலைந்து மாதம் முன்பே உங்கள் கோரிக்கை உள்ளே போயிருக்க வேண்டும். பட்ஜெட் வந்தபிறகு போனால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற பதில் தயாராக இருக்கும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் பங்கேற்பு பட்ஜெட் முறையைத் தொடங்கியபோது, மக்கள் பகுதிவாரியாகக் கூடி எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தினார்கள். பின்னர் உலகின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. உங்கள் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் அதில் நுழையுங்கள். இல்லாவிட்டாலும் வரிசைப்படுத்திய பட்டியலை நீங்களாகவே கொடுக்கலாம்.

கூட்டக் குறிப்பை அன்று இரவே அனுப்பிவிடுங்கள். என்ன முடிவானது, யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்று மட்டும் இருந்தால் போதும். யார் என்ன பேசினார் என்பதெல்லாம் வேண்டாம். மனுவுக்கு 30 நாளில் பதில் வரவில்லையென்றால், பழைய பிரதியை இணைத்து இரண்டு வரியில் நினைவூட்டல் எழுதுங்கள். அதற்கும் தேதி முத்திரை வாங்குங்கள். சிக்னல் நேரம் கூட்டப்பட்டால் மறுநாளே ஸ்டாப்வாட்ச்சோடு போய், உண்மையிலேயே 18 நொடி எரிகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பொறியாளருக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள். அடுத்த மனுவும் அவர் மேசைக்குத்தான் போகப்போகிறது.