சாம்பாரில் பருப்பு எவ்வளவு? குறைந்த செலவில் புரதம் சேர்க்கும் வழி

சென்னையில் பல வீடுகளில் நாலு பேருக்குச் சாம்பார் வைக்க 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறார்கள். அதில் புரதம் 22 கிராம்; ஆளுக்கு ஐந்தரை கிராம்தான். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால் அதுவும் பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் சொன்ன புரத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். சோறு, இட்லி என்று தானியத்தையே நம்பிச் சாப்பிடுபவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்காவது பருப்போ பயறோ சேர்ந்தால்தான் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கடைக்குப் போகும்போது கிலோ விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 10 கிராம் புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள். துவரம்பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் அதில் புரதம் 220 கிராம். 10 கிராம் சுமார் 6 ரூபாய். கறுப்புக் கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் என்றால் 5 ரூபாய் சொச்சம். வேர்க்கடலை 150 ரூபாய் என்றால் 6 ரூபாய். மீல்மேக்கர் 140 ரூபாய் என்றாலும் மூன்று ரூபாய்க்குள் அடங்கிவிடும், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் புரதம். ஆறரை ரூபாய் முட்டையில் ஆறரை கிராம், ஆக 10 கிராமுக்கு 10 ரூபாய். அரை லிட்டர் பாலில் 16 கிராம். பாக்கெட் 20 ரூபாய் என்றால் பன்னிரண்டரை ரூபாய் ஆகிறது. விலை ஏறி இறங்கும்போது இதே கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பில் 10 கிராம் புரதம் ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. அதை ஒரு மாதமும் தவறவிடாதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. ஒரு கிலோவை நாலு பேர் முப்பது நாளைக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 8 கிராம் பருப்பு. புரதம் 2 கிராமைத் தொடாது.

முதலில் சாம்பாரைச் சரிசெய்யுங்கள். நாலு பேருக்கு 200 கிராம் பருப்பு போட்டு, தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக வையுங்கள். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலை அல்லது பொட்டுக்கடலைச் சட்னி அரையுங்கள். ஆளுக்கு 25 கிராம் விழுந்தால் ஐந்தாறு கிராம் புரதம். வாரம் இரண்டு நாள் தோசைக்குப் பதில் அடை. புழுங்கலரிசி 200 கிராம், கடலைப்பருப்பு 100, துவரம்பருப்பு 100, உளுந்து 50 எடுத்து மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்தால் 12 அடை வரும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6 கிராம் புரதம்.

மாலையில் சுண்டல். இங்கேதான் பலர் தோற்றுப்போய் விட்டுவிடுகிறார்கள், காரணம் பெரும்பாலும் தண்ணீர். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுவதால் எட்டு விசில் விட்டாலும் கடலை கல்லாகவே நிற்கும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ எடுங்கள். 200 கிராம் கடலைக்கு ஒன்றரை லிட்டர் போதும். ஊறும் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டால் தோல் சீக்கிரம் இளகும். கொண்டைக்கடலை 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். மே மாத வெக்கையில் இரவெல்லாம் வெளியே வைத்தால் நுரை கட்டிப் புளித்துவிடும். ஃப்ரிட்ஜில் வையுங்கள், அல்லது படுக்கப்போகும் முன் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் வாயுத் தொல்லை குறையும். பிறகு ஐந்தாறு விசில், சிறுதீயில் பத்து நிமிடம். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் வேகாது. இவ்வளவுக்குப் பிறகும் வேகவில்லை என்றால் சரக்கு பழசு, கடையை மாற்றுங்கள். பயறு பழக்கமில்லாதவர்கள் 30 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் 50 ஆக்கலாம்.

மீல்மேக்கரைச் சிலர் வாடைக்குப் பயந்து ஒதுக்குகிறார்கள். உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து இறுகப் பிழியுங்கள். இரண்டாம் முறையும் அலசிப் பிழிந்தால் வாடை போய்விடும், மசாலாவும் உள்ளே இறங்கும். ஆளுக்கு 30 கிராம் உலர்ந்தது போட்டால் 15 கிராம் புரதம்.

அசைவம் சாப்பிடுபவர்கள் வஞ்சிரத்தை விட்டு மத்தி, கவலை, காரப்பொடி, நெத்திலி பக்கம் வாருங்கள். புரதத்தில் இவை வஞ்சிரத்துக்குப் பெரிதாகக் குறைந்தவை அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். மீன் விலை ஏறும் அந்த 61 நாளும் முட்டையை நம்பலாம். முட்டையை வேகவைத்தே சாப்பிடுங்கள், பச்சையாகக் குடித்தால் புரதம் பாதியளவே செரிக்கும். மஞ்சள் கருவை எறியாதீர்கள், புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது.

கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்துவிட்டுக் கொள்ளைக் கொட்டினால் புரதமும் அதோடு போய்விடும். அதைத் துவையலாக அரையுங்கள். கேழ்வரகு சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது, ஆனால் புரதம் அரிசி அளவுக்குத்தான். டப்பாவில் வரும் சத்துபானப் பொடி வாங்கும் முன் பின்பக்க அட்டவணையில் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். அதே பணத்துக்கு எவ்வளவு வேர்க்கடலை வரும் என்று கணக்குப் போட்டால் முடிவு தானாகத் தெரியும்.

60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாள்: மூன்று வேளைக்கும் சேர்த்து அரிசி 300 கிராம் (22), பருப்பும் பயறுமாக 75 கிராம் (16), வேர்க்கடலை 30 கிராம் (7), ஒரு டம்ளர் பால் அல்லது தயிர் (6), ஒரு முட்டை (6.5). கூட்டினால் 57.5 கிராம் வருகிறது. முட்டை சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் மீல்மேக்கர் 15 கிராம் வைத்துக்கொள்ளலாம்.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிப் பயறில் வண்டு விழும். அந்த இரண்டு மாதமும் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். மற்ற நாளில் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். வேர்க்கடலையில் கறுத்தது, சுருங்கியது, கசப்பது எதுவாக இருந்தாலும் பொறுக்கி எறியுங்கள். அது பூஞ்சை பிடித்ததாக இருக்கலாம், வறுத்தாலும் அதன் நஞ்சு முழுதும் போகாது.