கைபேசிக்குப் புது வெளிக்கூடு: வீட்டிலேயே மாற்றும் முறை

கைபேசி நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போது அதன் முதுகு மட்டும் விரிசல் விட்டோ, ஓரம் நசுங்கியோ, பக்கவாட்டுப் பொத்தான் உள்ளே அமுங்கியோ கிடந்தால், அதற்காகப் புதுக் கைபேசி வாங்க வேண்டியதில்லை. வெளிக்கூட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரர்கள் இதற்கு ‘பேக் பேனல்’ என்றும் ‘பாடி’ என்றும் இரண்டு சொற்களைப் பயன்படுத்துவார்கள். பேக் பேனல் என்பது முதுகு மட்டும். பாடி என்றால் முதுகோடு பக்கச் சட்டமும் சேர்ந்த முழுக்கூடு. எதை மாற்றப் போகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முன்னது ஒரு மணி நேர வேலை, பின்னது ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக விழுங்கிவிடும் வேலை. இரண்டிலும் கழற்றுவது அவ்வளவு கடினமன்று. பழைய கூட்டில் குடியிருக்கும் குட்டிக் குட்டி உருப்படிகளை ஒன்றுவிடாமல் புதுக் கூட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சிரமம் எல்லாம் இருக்கிறது. சென்னையில் நான்கைந்து வாடகை வீடு மாறியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்: பீரோவும் கட்டிலும் தவறாமல் வண்டியேறிவிடும், கொடிக்கயிறும் சமையலறைக் கொக்கியும் பழைய வீட்டிலேயே நின்றுவிடும்.

எல்லாக் கைபேசியையும் வீட்டில் பிரிக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். நகத்தால் நெம்பினால் முதுகு கழன்று வரும் பழைய மாடல்களுக்கு வழிகாட்டியே தேவையில்லை. பிளாஸ்டிக் முதுகு கொக்கிகளாலோ பசையாலோ பிடித்திருக்கும் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு கைபேசிகள், பொறுமை உள்ள யாரும் செய்யக்கூடியவை. கண்ணாடி முதுகு பசையால் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால் அதையும் செய்யலாம், ஆனால் விரிசல் விட்ட கண்ணாடியின் மேல் அகலமான செல்லோடேப்பை முழுக்க ஒட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். ஐபோன் 8 முதல் 13 வரையிலான மாடல்களின் முதுகுக் கண்ணாடி சட்டத்தோடு மிக இறுக்கமாக ஒட்டப்பட்டிருப்பதால், கடைகளில் லேசர் இயந்திரம் வைத்து அந்தப் பசையைச் சுட்டுத்தான் எடுக்கிறார்கள். 2022-இல் வந்த ஐபோன் 14-இல்தான் முதுகு தனியாகத் திறக்கும்படி அமைப்பு மாறியது. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டிஸ்ப்ளேவே நடுச்சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் என்பதால், சட்டத்தை மாற்ற டிஸ்ப்ளேவை உரித்தெடுக்க வேண்டியிருக்கும். பத்தில் சில டிஸ்ப்ளேக்கள் அந்த உரிப்பைத் தாங்காது. அந்த வகைக்கு முழு பாடி மாற்றுவதைக் கடையில் விட்டுவிடுவதே மேல்.

வேறு எதையும் செய்யும் முன், கைபேசியைப் படுக்கைவசமாக மேசையில் வைத்துப் பாருங்கள். அடிபடாமலே முதுகு தானாக மேலெழும்பி ஓரத்தில் இடைவெளி தெரிந்தால், குற்றம் கூட்டில் இல்லை. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அமுக்கி மூடவோ, அதன் மேல் புது முதுகு ஒட்டவோ கூடாது. சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, பேட்டரியைப் பழக்கமுள்ளவரிடம் மாற்றிய பிறகுதான் கூட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பொருள் வாங்க அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ரிச்சி தெருதான் சென்னைக்காரர்களின் முதல் இடம். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் சாத்தியிருக்கும் என்பதால், சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் வேலையில் இறங்குவது தோது. மாடல் பெயரை வாயால் சொல்லி வாங்காதீர்கள். ஒரே எண்ணுக்குப் பின்னால் ‘எஸ்’ என்றோ ‘புரோ’ என்றோ ஓர் எழுத்து கூடினாலே கேமரா ஓட்டை இடம் மாறிவிடும். அமைப்புகளில் ‘அபவுட் போன்’ பகுதியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கைபேசியையும் கையோடு கொண்டுபோய், புது முதுகைப் பழைய முதுகின் மேல் வைத்துக் கேமரா, ஃபிளாஷ், கைரேகை வட்டம், கீழே ஸ்பீக்கர் துளை என ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். ‘காலி பேனலா, லென்ஸோடா?’ என்று கேட்பதும் முக்கியம். கேமரா கண்ணாடி ஒட்டியே வரும் பேனலுக்குச் சற்று அதிகம் கேட்பார்கள். கொடுத்துவிடலாம், ஏனெனில் பழைய கண்ணாடியைப் பெயர்த்து ஒட்டும்போது உள்ளே ஒரு தூசி போனாலும் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது தெரியும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். கைபேசிக்கான சிறிய ஸ்க்ரூடிரைவர் செட், கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லைகள் இரண்டு மூன்று, முனை மழுங்கிய சாமணம், ஹேர் டிரையர், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பி-7000 பசை அல்லது அந்த மாடலுக்கென்றே வெட்டப்பட்ட இருபக்க ஒட்டுத் தாள். இவற்றோடு, பீரோவின் அடியில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து விசிட்டிங் கார்டு அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். கார்டு நுழையாத இடுக்கில் ஃபிலிம் நுழையும்; கத்தியைப் போல ஸ்ட்ரிப்பையோ (உள்ளுறுப்புகளை இணைக்கும் தட்டையான நாடா ஒயர்) பேட்டரியையோ கிழிக்கவும் செய்யாது. திருகாணி போட்டு வைக்கப் பணியாரக் கல்லைப் போன்ற பாத்திரம் எந்த அங்காடியிலும் கிடைக்காது. முதலில் கழற்றியவை முதல் குழியில், அடுத்த தகட்டினுடையவை அடுத்த குழியில் என்று வைத்துக்கொண்டே போனால், திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து வரிசையாகப் பின்னோக்கி வந்தால் போதும். சமையலறையில் அனுமதி வாங்கிக்கொள்வது அவரவர் பொறுப்பு.

வேலை தொடங்கும் முன் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பேட்டரி 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை பயன்படுத்தி, பிறகு அணைத்துவிடுங்கள். நிறைந்த பேட்டரி தவறிக் குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் அபாயம் அதிகம். சிம் தட்டை முதலில் உருவிவிட வேண்டும். மறந்து உள்ளே விட்டால் பல மாடல்களில் முதுகு அதில் சிக்கி உடையும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். மே மாதத்தில் இது கொடுமைதான், ஆனால் அரிசிக் குருணையளவு திருகாணி காற்றில் உருண்டு சோஃபாவுக்கு அடியில் போய்விட்டால் அதைத் தேடி வடியும் வியர்வை அதைவிட அதிகம்.

ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் நான்கு ஓரங்களிலும் சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் பசை இளகும். தொட்டால் விரல் பொறுக்கும் சூடே அளவு. இப்போது சார்ஜ் போடும் துளைக்குப் பக்கத்து மூலையில் ஃபிலிமை மெல்ல நுழைத்து, ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை வில்லையைச் செருகிக்கொண்டே நகர வேண்டும். ஃபிலிம் அரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டியதே இல்லை. கைரேகை உணரி முதுகிலேயே இருக்கும் மாடலானால், நான்கு பக்கமும் விட்ட பிறகும் முதுகைச் சட்டென்று தூக்காதீர்கள். உணரியிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஸ்ட்ரிப் இரண்டு விரற்கடை நீளம்தான் இருக்கும்; புத்தகத்தைத் திறப்பது போல ஒரு பக்கமாகச் சாய்த்து, அதன் இணைப்பைக் கழற்றிய பிறகே முதுகை எடுக்க வேண்டும்.

உள்ளே தெரியும் முதல் தகட்டைக் கழற்றியதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேட்டரியின் இணைப்பைப் பிளாஸ்டிக் முனையால் நேர் மேலாக நெம்பி விடுவிப்பது. அதற்கு முன் வேறெந்த ஸ்ட்ரிப்பையும் தொடக் கூடாது. மின்சாரம் இருக்கும்போது டிஸ்ப்ளே இணைப்பைக் கழற்றினால், நொடிப்பொழுதில் பின்னொளிக்கான சுற்று போய்விடக்கூடும். இன்னொரு எச்சரிக்கை திருகாணியைப் பற்றியது. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு திருகாணிகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் நீளமாக இருக்கலாம். அதைக் குட்டையான துளையில் முறுக்கினால் அது மதர்போர்டின் உள்ளடுக்குக் கம்பித் தடத்தை அறுத்துவிடும், வெளியே ஒரு தடயமும் இராது. பணியாரக் கல்லை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்கு அதுவே காரணம். ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு கைபேசியால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஆன்டெனா ஒயர் எந்தப் பக்கமாக ஓடியது என்ற சந்தேகமும் பின்னால் வராது.

முதுகு மட்டும் மாற்றுபவர்கள் இதற்குமேல் பிரிக்க வேண்டாம். முழு பாடி மாற்றுபவர்கள் சார்ஜிங் போர்டு, மதர்போர்டு, கேமரா, இயர் ஸ்பீக்கர், வைப்ரேட்டர், பொத்தான் ஸ்ட்ரிப் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த கையோடு புதுச் சட்டத்தில் அதே இடத்தில் பொருத்திக்கொண்டே வர வேண்டும்; எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிவிட்டு ஒட்டுமொத்தமாகப் பூட்டலாம் என்று நினைப்பது குழப்பத்துக்கு வழி. பேட்டரியின் அடியில் இழுக்கும் பட்டை இருந்தால் அதை இழுத்து எடுக்கலாம். இல்லாவிட்டால் ஓரத்தில் சில சொட்டு ஆல்கஹால் விட்டு ஓரிரு நிமிடம் ஊறவைத்து, அகலமான பிளாஸ்டிக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள், வளைக்காதீர்கள். இரும்பு எதுவும் பேட்டரியின் பக்கம் வரக் கூடாது.

இனி, பழைய கூட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து வைத்து நிதானமாகப் பாருங்கள். ஸ்பீக்கர் வாயில் மெல்லிய கம்பி வலை, மைக் துளையைச் சுற்றி மிளகளவு ரப்பர், ஃபிளாஷ் மேல் பால்நிற மூடி, பொத்தான்களைப் பிடித்திருக்கும் கம்பிக் கொக்கி, ஆன்டெனாவைத் தொடும் செம்புத் தகடு ஆகியவை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சில மாடல்களில், கைபேசியை அருகில் காட்டிப் பணம் செலுத்த உதவும் என்.எஃப்.சி. சுருளும் ஒயரில்லா சார்ஜ் சுருளும் முதுகின் உட்புறத்திலேயே இருக்கும். முதன்முதலாக நான் இந்த வேலையைச் செய்தபோது எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது என்று பெருமையோடு தங்கைக்குப் போன் செய்தேன். ‘என்ன அண்ணா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு?’ என்றாள். மைக் ரப்பர் பழைய கூட்டிலேயே இருந்தது. அந்தக் கூட்டை அன்று காலையில்தான் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன், நல்லவேளையாக மாநகராட்சி வண்டி அன்றைக்குத் தாமதமாக வந்தது.

புது வீட்டில் சாமான் இறக்குமுன் பால் காய்ச்சிப் பார்ப்பது போல, பசை போடுவதற்கு முன் முதுகைச் சும்மா பொருத்தி, பேட்டரியை இணைத்து, கைபேசியை ஒருமுறை உயிர்ப்பித்துப் பார்த்துவிடுங்கள். சாம்சங்கில் *#0*#, ஷாவ்மியில் *#*#6484#*#* என்று அழுத்தினால் சோதனைப் பட்டியல் திறக்கும். மற்ற மாடல்களில் அழைப்பு, குரல் பதிவு, ஒலிபெருக்கி, அதிர்வு, கேமராவின் குவியம், ஃபிளாஷ், கைரேகை, சார்ஜ் ஆகியவற்றைக் கையாலேயே சோதிக்கலாம். அழைப்பின்போது காதில் வைத்தால் திரை அணைகிறதா என்பதையும் சிக்னல் கட்டைகள் முன்பிருந்த அளவு இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். கட்டை குறைந்தால், ஆன்டெனா ஒயரின் நுனியில் உள்ள பொத்தான் போன்ற இணைப்பு சரியாக அமரவில்லை என்று பொருள். பொத்தான்கள் அமுக்கும்போது ‘டிக்’ என்று ஒலிக்க வேண்டும். மொழுக்கென்று அமுங்கினால் ஸ்ட்ரிப் விலகியிருக்கிறது.

எல்லாம் சரியென்றால் மறுபடியும் அணைத்துவிட்டு, சட்டத்தில் மிஞ்சியிருக்கும் பழைய பசையை ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும், ஆகையால் மூன்றும் வேண்டாம். பி-7000 பசையை நூலிழையாகச் சட்டத்தின் விளிம்பில் இழுத்து, மைக், ஸ்பீக்கர், கேமரா ஆகியவற்றின் அருகில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து முதுகை அமர்த்தி, பிதுங்கும் பசையைத் துடைத்து, அகலமான ரப்பர் பேண்டுகளைக் குறுக்கே போட்டு, மேலே இரண்டு நோட்டுப் புத்தகங்களை வைத்தால் போதும். அம்மிக்கல்லை ஏற்றினால் டிஸ்ப்ளே போய்விடும். சில மணி நேரத்தில் பிடித்துவிட்டாலும், முழு வலு வர 24 முதல் 48 மணி நேரம் ஆகும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்: அதன் ஆவி கேமரா கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், அடுத்த முறை திறக்கவும் முடியாது.

தொழிற்சாலையில் தண்ணீர் புகாதபடி ஒட்டப்பட்டிருந்த கைபேசியானாலும், வீட்டில் திறந்து மூடிய பிறகு அந்தக் காப்பை நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியின் கைப்பிடியில் மாட்டி வழி பார்க்கும் பழக்கம் இருந்தால் பிளாஸ்டிக் பை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டை மாற்றுவதால் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உள்ள தனி அடையாள எண்) மாறாது, அது மதர்போர்டில் இருக்கிறது. ஆனால் சில மாடல்களில் பழைய முதுகிலோ சிம் தட்டிலோ அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். *#06# அழுத்தி வரும் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் படமெடுத்து வையுங்கள், முடிந்தால் பழைய சிம் தட்டையே புதுக் கூட்டிலும் போடுங்கள்.

பழைய கூட்டை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, ஒரு வாரம் அலமாரியில் வைத்திருங்கள். அந்த ஒரு வாரத்தில் யாரும் உங்கள் குரலைப் பற்றிக் குறை சொல்லாவிட்டால், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் அதைப் போட்டுவிடலாம்.