பென் டிரைவ் கொழுவியதும் தானே திறக்க: லினக்ஸ் மின்ட்டில் செய்யும் முறை

கிளிநொச்சியில் எங்கள் போட்டோக்கொப்பிக் கடைக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றியதே பென் டிரைவுகளால்தான். ஏ9 வீதி பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் பிரின்ட் எடுக்கக் கொண்டுவரும் டிரைவுகளில் பலவற்றுக்கு ஷோர்ட்கட் வைரஸ் இருக்கும். விண்டோஸில் அதைக் கிளிக் செய்தால் கதை முடிந்தது. லினக்ஸில் அது பயனில்லாத ஒரு கோப்பு. வைரஸ் ஒளித்து வைத்த உண்மையான கோப்புகள் பக்கத்திலேயே தெரியும்.

மின்ட் நிறுவுவது பற்றி இங்கே எழுதவில்லை. பழைய கணினி என்றால் மின்ட்டின் இலேசான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇயை எடுங்கள். சின்னமன் பதிப்பு அழகுதான், ஆனால் 4 ஜிபி ராம் உள்ள கணினிக்கு அந்த அழகு தேவையில்லை.

ஒன்றை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வந்து போகிற பென் டிரைவ் வேறு. கடையிலேயே கிடக்கும் பேக்கப் ஹாட்டிஸ்க் வேறு. இரண்டையும் ஒரே முறையில் மவுண்ட் செய்ய (டிரைவில் உள்ளவை ஒரு கோப்புறையில் தெரியும்படி இணைக்க) போனால்தான் சிக்கல்.

படி 1: வந்து போகிறவை

எக்ஸ்எஃப்சிஇ செட்டிங்ஸில் 'ரிமூவபிள் டிரைவ்ஸ் அண்ட் மீடியா' என்பதைத் திறந்து, 'மவுண்ட்' என்று தொடங்கும் இரண்டு பெட்டிகளுக்கும் சரி போடுங்கள். கொழுவியதும் கோப்புறை திறக்க வேண்டுமென்றால் 'பிரவுஸ்' என்று தொடங்குவதற்கும் போடலாம். புரோகிராம்களைத் தானே ஓடவிடும் 'ஆட்டோ-ரன்' பெட்டியை மட்டும் தொடாதீர்கள். பின்னால் நின்று வேலை செய்வது யூடிஸ்க்ஸ் என்ற சேவை. டிரைவ் எங்கே மவுண்ட் ஆகிறது என்று தேடினால், 'மீடியா' கோப்புறைக்குள் உங்கள் பயனர் பெயரில் இருக்கும்.

படி 2: எது எந்த டிரைவ்?

டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் எஃப் எழுத்தும் சேர்த்து என்டர் தட்டுங்கள். டிரைவைக் கழற்றிவிட்டு ஒருமுறை, கொழுவிவிட்டு ஒருமுறை. புதிதாக வந்த வரிதான் உங்கள் டிரைவ். எஃப் சேர்க்காமல் அடித்தால் கொள்ளளவும் தெரியும். அதில் 32 ஜிபி டிரைவ் 29 சொச்சமாகவும், 1 டிபி ஹாட்டிஸ்க் 931 ஆகவும் காட்டும்; கடைக்காரர் ஏமாற்றவில்லை, இது 1024ஆல் வகுக்கிற கணக்கு.

போனைக் கொழுவிவிட்டு இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். போன் எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் வருவதால் டிஸ்க்காகத் தெரியாது. போன் திரையில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தெரிவு செய்ய வேண்டும். அப்படியும் வராவிட்டால் அது சார்ஜுக்கு மட்டுமான வயராக இருக்கலாம்.

வரியின் தொடக்கத்தில் எஸ்டிபி1, எஸ்டிசி1 என்று வரும் பெயர்களை நம்ப வேண்டாம். இன்று 'பி' ஆக இருப்பது, நாளை யாராவது முதலில் வேறொன்றைக் கொழுவினால் 'சி' ஆகிவிடும். நம்ப வேண்டியது யூயூஐடி, அதாவது எஃப் சேர்த்து அடித்தால் அதே வரியில் தெரியும் தனி அடையாளக் குறி. டிரைவின் ஃபோர்மட் எக்ஸ்ட்4 என்றால் அது கோடுகளோடு 36 எழுத்து நீளம்; ஃபேட்32 என்றால் நாலும் நாலுமாக எட்டு எழுத்து, நடுவில் ஒரு கோடு. டிரைவை ஃபோர்மட் செய்தால் யூயூஐடியும் மாறும்.

படி 3: கடையிலேயே இருக்கும் ஹாட்டிஸ்க்

'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, இடப்பக்கம் ஹாட்டிஸ்க்கையும் வலப்பக்கம் அதன் பார்ட்டிஷனையும் தெரிவு செய்து, பற்சக்கர அடையாளத்துக்குள் 'எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்' போங்கள். மேலே உள்ள 'யூசர் செஷன் டிஃபோல்ட்ஸ்' பொத்தானை அணையுங்கள். 'ஐடென்டிஃபை அஸ்' என்ற இடத்தில் யூயூஐடி உள்ள வரியை எடுங்கள். மவுண்ட் பொயின்ட்டுக்கு, 'எம்என்டி' கோப்புறைக்குள் 'பேக்கப்' என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர் கொடுங்கள்.

இனி, நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். கீழே உள்ள ஆப்ஷன் வரியில் 'நோஃபெயில்' (டிரைவ் இல்லாவிட்டாலும் கணினி தொடங்கட்டும்) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்ஸ் செயலி அதைத் தானாகவே போடும். ஆனால் இணையத்தில் கிடைத்த வரியை, தொடக்கத்தில் மவுண்ட் ஆக வேண்டிய டிரைவ்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் கையால் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் 'டிஃபோல்ட்ஸ்' என்று மட்டும் போட்டுவிடுவார்கள். கொழுவியிருக்கும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். மாரிகாலத்தில் ஒருநாள் கரண்ட் போகும். யாரோ ஹாட்டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டு போயிருப்பார்கள். கரண்ட் வந்து கணினியைப் போட்டால் ஒன்றரை நிமிடம் கறுப்புத் திரை, அப்புறம் எமர்ஜென்சி மோட். பட்டியலில் உள்ள டிரைவ் வரும் என்று, கணினியைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி காத்திருந்து கைவிடுவதுதான் அது. பார்க்கிறவர்கள் கணினியின் ஹாட்டிஸ்க்கே செத்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவப் போவார்கள். தேவையே இல்லை. பேக்கப் ஹாட்டிஸ்க்கைக் கொண்டுவந்து கொழுவிவிட்டுத் திரும்பப் போடுங்கள், கணினி வந்துவிடும். அப்புறம் நோஃபெயிலைச் சேருங்கள். டிரைவே தொலைந்துவிட்டது என்றால் மின்ட் நிறுவப் பயன்படுத்திய லைவ் பென் டிரைவில் ஏறி, கணினியின் உள் டிஸ்க்கில் இருக்கும் எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி போட்டால் போதும்.

நான் இத்துடன் 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' என்பதையும் சேர்ப்பேன். கோப்புறையைத் திறக்கிற நேரத்தில்தான் அது டிரைவை மவுண்ட் செய்யும். ஆப்ஷன்களுக்கு நடுவில் காற்புள்ளி மட்டுமே வரலாம், இடைவெளி கூடாது. முடித்ததும் கணினியை ஒருமுறை திரும்பப் போடுங்கள்.

எந்த ஃபோர்மட்? லினக்ஸிலேயே இருக்கப் போகும் ஹாட்டிஸ்க் என்றால் எக்ஸ்ட்4 தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன். விண்டோஸ் கணினிக்கும் போய்வர வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வற்றாப்பளைப் பொங்கலை முழுவதும் பிடித்த வீடியோவை அதில் போட முயன்றால் இடம் இருந்தும் ஏற்காது.

டிரைவின் பெயரான லேபிளைத் தமிழில் வைக்கலாமா என்றால், எக்ஸ்ட்4இல் லேபிளுக்கு 16 பைட் இடம்தான். யூனிகோடில் 'வன்னி' ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15, மட்டுமட்டாக அடங்கும். 'கிளிநொச்சி'க்கு 30 வேண்டும், அடங்காது. எக்ஸ்ஃபேட் 11 குறியீடு வரை விடுவதால் அதில் பத்துக் குறியீட்டுக் கிளிநொச்சிக்கும் இடமுண்டு.

கழற்றும்போது 'இஜெக்ட்' கொடுத்தே கழற்றுங்கள். கொப்பி முடிந்ததாகத் திரை சொன்னாலும் லினக்ஸ் கொஞ்சத்தை ராமில் வைத்துக்கொண்டு பிறகுதான் எழுதும். பழைய பென் டிரைவ் என்றால் இஜெக்ட் கொடுத்த பிறகும் சில நேரம் நிமிடக்கணக்கில் இழுக்கும். பஸ் வந்துவிட்டது என்று பிள்ளை அவசரப்படுத்தினாலும் பொறுங்கள்.

பிற்சேர்க்கை: மவுண்ட் ஆகிறது, ஆனால் எழுத முடியவில்லை என்று வவுனியாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். எக்ஸ்ஃபேட் என்றால் அதே ஆப்ஷன் வரியில் 'யூஐடி=1000' சேருங்கள்; மின்ட்டில் முதல் பயனரின் எண் அதுதான். எக்ஸ்ட்4க்கு இது வேலை செய்யாது. அங்கே பேக்கப் கோப்புறையின் உரிமையாளரை, டிரைவ் மவுண்ட் ஆகியிருக்கும்போது, சூடோவுடன் (நிர்வாகி அனுமதியோடு) சிஎச்ஓடபிள்யூஎன் கட்டளையால் உங்கள் பெயருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபோர்மட்டில் உள்ள டிரைவ் எழுத விடவில்லை என்றால் பெரும்பாலும் லினக்ஸில் பிழை இல்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கணினியை முழுதாக அணைக்காமல் பாதியில் உறங்க வைப்பதால், லினக்ஸ் பாதுகாப்புக்காக வாசிக்க மட்டும் விடுகிறது. விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்துவிட்டு வந்து பாருங்கள்.