மீட்கப்பட்ட சின்சில்லா வீட்டுக்கு வந்திருக்கிறதா? முதல் மாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்சில்லா என்பது அடர்ந்த முடியுள்ள, கொறித்துத் தின்னும் சிறுபிராணி. யாரோ வளர்த்துக் கைவிட்ட ஒன்று வீட்டுக்கு வந்ததும் நமக்குக் கை சும்மா இருக்காது. அழுக்காக இருக்கிறதே என்று குளிப்பாட்டத் தோன்றும். மெலிந்து போயிருக்கிறதே என்று உலர்திராட்சையும் கச்சானும் கொடுக்கத் தோன்றும். மிரள்கிறதே என்று மடியில் வைத்துத் தடவத் தோன்றும். புழுக்கமாக இருக்கிறதே என்று காற்றாடியைத் தட்டிவிடுவோம். எல்லாமே பாசத்தில் செய்வதுதான். ஆனால் முதல் மூன்றும் அதற்குக் கெடுதல், நான்காவதால் பயனில்லை.

கோலாலம்பூரில் இப்படிக் கைமாறி வரும் சின்சில்லாக்களை எடுத்து வளர்க்கும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்பதுதான். முதல் மாதத்தில் நம் வேலை மருந்து தேடுவதே இல்லை. அறையைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், உலர்புல் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தினமும் எடை பார்க்க வேண்டும், புழுக்கையைக் கவனிக்க வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து கொடுப்பதும் மருத்துவர் பாடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கும்போதுதான் காப்பாற்றியிருக்கக்கூடிய பிராணிகள் கைவிட்டுப் போகின்றன.

காற்றாடி போதும் என்று நினைப்பது

சின்சில்லாவின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. வறண்ட காற்று, இரவில் கடும் குளிர். அதைத் தாங்குவதற்காக அதன் ஒவ்வொரு மயிர்க்காலிலிருந்தும் 50-க்கும் மேற்பட்ட முடிகள் முளைக்கின்றன. அந்தக் கம்பளியைக் கழற்றி வைக்க அதனால் முடியாது. நம்மைப் போல வியர்க்கவும் வியர்க்காது. நமக்குக் காற்றாடி இதமாக இருப்பதே வியர்வை ஆறுவதால்தான். வியர்க்காத உடம்புக்கு அது சூடான காற்றைத்தான் வீசும்.

சின்சில்லாவுக்கு ஏற்றது ஏறக்குறைய 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். 25-ஐத் தாண்டினால் சிரமப்படத் தொடங்கும். 27-க்கு மேல் வெப்பத்தாக்கத்தால் உயிரே போகலாம், ஈரக்காற்று சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். விடியற்காலையிலும் இங்கே அதற்கு ஏற்ற குளிர் இருப்பதில்லை. பினாங்கில் கடற்காற்று வீசுகிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காற்றும் ஈரமும் சூடும் கலந்ததுதான், சின்சில்லாவுக்கு உதவாது.

ஆகவே ஏர்கோன் 24 மணி நேரமும் ஓட வேண்டும். "வேலைக்குப் போகும்போது அணைத்துவிட்டு, வந்ததும் போட்டுவிடுகிறோம்" என்பார்கள். ஆள் இல்லாத அந்த நடுப்பகல்தான் ஆக ஆபத்தான நேரம். மாதாமாதம் இந்தக் கரண்டு பில்லைக் கட்ட முடியுமா என்று தத்தெடுப்பதற்கு முன்பே கணக்குப் பாருங்கள். முடியாது என்றால் எடுக்காமல் இருப்பதுதான் நல்லது என்று வெளிப்படையாகவே சொல்வேன். பல சின்சில்லாக்களுக்கு 10 முதல் 20 ஆண்டு ஆயுள் உண்டு, அத்தனை ஆண்டும் இந்தச் செலவு கூடவே வரும்.

ஏர்கோனில் தெரியும் எண்ணை நம்பவும் வேண்டாம். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டரைக் கூண்டின் பக்கத்திலேயே வையுங்கள். குளிர்காற்று நேராகக் கூண்டின் மேல் விழக்கூடாது, மாலை வெயில் இறங்கும் சன்னல் ஓரமும் ஆகாது. கரண்டு போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். உறைபெட்டியில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் எப்போதும் இருக்கட்டும், துண்டு சுற்றிக் கூண்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். படுத்துக்கொள்ள ஒரு கிரானைட் கல்லோ தரை ஓடோ உள்ளே கிடக்கட்டும்.

காது சிவந்துபோவது, வாயால் மூச்சுவாங்குவது, எச்சில் ஒழுகுவது, பக்கவாட்டில் நீட்டிப் படுத்து எழாமல் கிடப்பது ஆகியவை வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள். குளிர்ந்த அறைக்கு மாற்றி, காதையும் பாதத்தையும் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியபடியே கிளினிக்குக்குக் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கவே கூடாது.

தண்ணீரில் குளிப்பாட்டுவது

அத்தனை அடர்த்தியான முடி நனைந்தால் அடிவரை காய்வதில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே பூஞ்சை பிடிக்கும், உடம்பும் சட்டென்று குளிர்ந்துவிடும். சின்சில்லா புரண்டு குளிப்பதற்கென்றே மிக நுண்ணிய எரிமலைத் தூள் விற்கிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம், அப்புறம் பாத்திரத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். குழந்தைக்குப் போடும் பவுடரோ கடற்கரை மணலோ இதற்குப் பதிலாகாது. கண்ணில் நீர் வடிந்தால், தும்மினால், உடம்பில் புண் இருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை தூள் குளியலும் வேண்டாம்.

"நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு"

இந்த வாக்கியத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு அக்கா, திடீர்னு போயிடுச்சு." பெரும்பாலும் அது திடீரென்று நடந்ததே அல்ல. காட்டில் பருந்துக்கும் நரிக்கும் இரையாகும் பிராணி, வலியை வெளியே காட்டிக்கொள்ளாது. சோர்ந்து உட்கார்ந்து நம் கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும். அதனால் முகத்தையும் துள்ளலையும் பார்த்து முடிவு செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

எடை பார்க்க, குவே பலகாரம் செய்ய மாவு நிறுக்கும் தராசே போதும். அதற்கென்று ஓர் ஆழமான கிண்ணத்தை ஒதுக்கித் தராசில் வைத்து, காட்டும் எடையைச் சுழியாக்கிவிட்டு, சின்சில்லாவைத் தானாக உள்ளே ஏற விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், கிராம் கணக்கில் எழுதுங்கள். வளர்ந்த சின்சில்லா பொதுவாக 400 முதல் 600 கிராம் இருக்கும், சில அதற்கும் மேலே போகும். ஆனால் நம்முடையது எத்தனை கிராம் என்பதைவிட, நேற்றையதை விட ஏறியதா இறங்கியதா என்பதுதான் முக்கியம். பத்து இருபது கிராம் ஏறி இறங்குவது சகஜம். நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். 500 கிராம் பிராணி 50 கிராம் இழப்பது, 60 கிலோ ஆள் 6 கிலோ இழப்பதற்குச் சமம்.

அடுத்தது புழுக்கை. நலமாக இருந்தால் கரும்பழுப்பாக, நீள்வட்டமாக, ஏறக்குறைய ஒரே அளவில், கூண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். தட்டைக் கூட்டும்போது கையில் எடுத்துப் பாருங்கள், அருவருக்க ஒன்றும் இல்லை, மணமும் இருக்காது. சிறுத்து, வறண்டு, இரு முனையும் கூராகி, எண்ணிக்கையும் குறைந்திருந்தால் குடல் மந்தமாகிவிட்டது என்று பொருள். தாவரம் மட்டுமே தின்னும் இந்தப் பிராணியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மணி நேரம் எதுவுமே தின்னவில்லை என்றால் அவசரம்தான், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயம் அல்ல.

தின்னாமல் போவதற்குப் பின்னால் அடிக்கடி இருப்பது பல். சின்சில்லாவின் 20 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார்ச்சத்துள்ள புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் தேயும். வருடக்கணக்கில் விதையும் பழமும் தின்று வளர்ந்த பிராணிக்குக் கடைவாய்ப் பற்கள் தேயாமல் நீண்டு நாக்கைக் குத்தும், வேர்ப்பக்கம் கண்குழி வரை தள்ளும். சில பிராணிகளுக்குப் பிறவியிலேயே இந்தக் கோளாறு உண்டு.

முகவாய்க்கு அடியில் விரலால் தொட்டுப் பாருங்கள். முடி ஈரமாக, முள் முள்ளாக ஒட்டியிருந்தால் எச்சில் ஒழுகுகிறது. முன்னங்கால்களின் உள்பக்கமும் அப்படியே நனைந்திருக்கும், வாயைத் துடைத்துத் துடைத்து. புல்லை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போடும், மென்மையானதை மட்டும் தேடும், ஒரு கண்ணில் நீர் கசியும். முன்பற்கள் ஆரோக்கியமாக இருந்தால் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் இருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால் "பல் சுத்தமா இருக்கு" என்று மகிழ வேண்டாம், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முன்பல் மட்டும் நேராக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு. கடைவாயை முழுமையாகப் பார்க்க மயக்க மருந்தும் தலைக்கு எக்ஸ்ரேயும் தேவைப்படும். நகவெட்டியால் வீட்டிலேயே பல்லை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், பல் வேர் வரை பிளந்துவிடும்.

தேற்றுகிறோம் என்று ஊட்டுவது

மெலிந்த பிராணிக்குச் சத்து வேண்டும் என்பது சரி. அந்தச் சத்து திமோதி என்ற புல்வகையின் உலர்புல்லில் இருக்கிறது, அளவே இல்லாமல் கொடுங்கள். அதோடு நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சாதாரண பெல்லட் (அரைத்து அழுத்திய தீனித் துண்டுகள்), நல்ல தண்ணீர். அவ்வளவுதான். உலர்திராட்சை, வாழைப்பழம், கச்சான், பிஸ்கட் எதுவும் வேண்டாம். இனிப்பும் கொழுப்பும் குடலைக் கெடுக்கும், வாயுவால் வயிறு உப்பும். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். பழைய வீட்டில் மட்டமான தீனியைத் தின்று வந்திருந்தாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதையும் வாங்கி வந்து, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கூட்டுங்கள். அல்பால்பா என்ற பயறுவகை உலர்தீவனம் சத்தானது என்று தினமும் போடுவதும் நல்லதல்ல. அதில் கால்சியம் அதிகம், வளர்ந்த சின்சில்லாவுக்குச் சிறுநீர்ப்பையில் கல் சேரலாம்.

தானாகத் தின்னாதபோது, தாவர உண்ணிகளுக்கான மாவைக் குழைத்துச் சிரிஞ்சில் ஊட்டச் சொல்வார்கள். மருத்துவர் பார்த்த பிறகே செய்யுங்கள், வயிறு உப்பியிருக்கும்போது ஊட்டினால் நிலைமை மோசமாகும். நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைத்து, துளித்துளியாக, விழுங்கும்வரை காத்திருந்து கொடுக்க வேண்டும். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டு மருந்தும் மீந்த மாத்திரையும்

அலமாரியில் மிச்சமிருக்கும் அமோக்சிசிலினைக் கரைத்துக் கொடுப்பது கொலைக்குச் சமம். பெனிசிலின் வகை மருந்துகளும் கிளிண்டமைசினும் வாய்வழி போனால், சின்சில்லாவின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சை உண்டாக்கும் கிருமிகள் பெருகிவிடும். பூனைக்கும் நாய்க்கும் தினமும் எழுதிக் கொடுக்கும் மருந்து என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் சின்சில்லா பார்த்துப் பழகிய மருத்துவரையே தேட வேண்டும் என்கிறேன். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. முயல், கினிப்பன்றி, ஊர்வன பார்க்கும் தனியார் கிளினிக்குகளும் உண்டு. போகும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, "சின்சில்லா பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

மூக்கு, கண், பாதத்தைச் சுற்றி முடி உதிர்ந்து தோல் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். நம் ஊர் ஈரத்தில் அது சுலபமாக வரும், பிள்ளைகளுக்கும் ஒட்டும். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள், கோடாலித் தைலம் எதையும் தடவாதீர்கள். முடி சிக்குப் பிடிக்கும், நக்கி உள்ளேயும் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குளியல் தூளைக் குப்பையில் கொட்டிவிடுங்கள், மருத்துவர் சொல்லும் மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

மருந்தைவிட நம் வீடுகளில் மறந்துபோவது புகை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாம் அதன் அறைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். டெங்கிக்காகக் குடியிருப்பில் கொசு மருந்துப் புகை அடிக்கும் அறிவிப்பு வந்தால், அன்று சன்னலை இறுக்கிச் சாத்துங்கள். புகைமூட்டக் காலத்திலும் அப்படித்தான்.

சின்னதாகத் தெரியும் சில

துரத்திப் பிடிக்காதீர்கள். பயந்தால் பிடித்த இடத்து முடியைக் கொத்தாக உதிர்த்துவிட்டு ஓடும், அது மறுபடி வளர மாதங்கள் ஆகும். முதல் சில நாள் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும், தானாக வரும். பகலில் அது தூங்கும் நேரம், பிள்ளைகளை எழுப்ப விடாதீர்கள். கம்பித் தரையில் பாதம் புண்ணாகும், மரப்பலகை போடுங்கள். ஆணாக இருந்தால் குறியைச் சுற்றி முடி வளையமாக இறுகியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, எப்படிப் பார்ப்பது என்று நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பெண்ணாக இருந்து, ஆணோடு ஒரே கூண்டில் வளர்ந்திருந்தால் சினையாக இருக்கலாம். சினைக்காலம் சுமார் 111 நாள், ஆகவே வந்து மூன்று மாதம் கழித்துக்கூடக் குட்டி போடலாம்.

தனியாக இருக்கிறதே என்று உடனே ஜோடி சேர்க்கவும் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே சின்சில்லா இருந்தால் புதியதைக் குறைந்தது ஒரு மாதம் வேறு அறையில் வையுங்கள். பழையதைக் கவனித்த பிறகே புதியதைத் தொடுங்கள், இடையில் கை கழுவுங்கள்.

தீபாவளிக்கு ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ கிளம்பும்போது, நோயுற்ற சின்சில்லாவைக் காரில் தூக்கிக்கொண்டு போவதைவிட வீட்டிலேயே விட்டு, பார்த்துக்கொள்ள ஒருவரை வைப்பது மேல். கடைசி எடை, மருந்தின் அளவு, இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூண்டில் ஒட்டுங்கள். ஏர்கோன் ரிமோட்டிலும் "அணைக்காதீர்கள்" என்று ஒட்டிவிட்டுப் போங்கள். ஆளில்லாத வீட்டில் கரண்டு வீணாகிறதே என்று நல்லெண்ணத்தில் அணைத்துவிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு.