மலைக்கும் மரக்கரண்டிக்கும் ஒரே கத்தி

என் முதல் கத்தியைப் படம் பார்த்து வாங்கினேன். 5 மி.மீ. தடிமன், முதுகில் ரம்பப்பல், பிடிக்குள் திசைகாட்டி. கொல்லிமலையில் அதை வைத்து மாங்காய் நறுக்கப் போனால், நறுக்கவில்லை, பிளந்தது. வேப்பங்கட்டையில் கரண்டி செதுக்க உட்கார்ந்ததில் உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். இப்போது பையில் இருப்பது மூன்றாவது கத்தி. மலைப் பயணத்துக்கும் மரம் செதுக்கவும் ஒரே கத்தியை எப்படித் தேர்ந்தெடுத்துப் பராமரிப்பது என்று இதில் கற்றது இதோ.

1. அளவு. அலகு (வெட்டும் தகடு) 8 முதல் 10 செ.மீ. நீளம், 2.5 மி.மீ. பக்கம் தடிமன். போதும். தடித்த கத்தி மரத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்குமே தவிர சீவல் எடுக்காது. விறகு பிளக்கத்தான் அருவாள் இருக்கிறதே. பிடிக்கு முன்னால் பெரிய தடுப்பு வைத்ததையும் விட்டுவிடுங்கள். கட்டைவிரலை அலகின் முதுகுக்குக் கொண்டுபோக விடாது.

2. மடக்குக் கத்தியா, மடங்காத நிலைக் கத்தியா? பிரான்ஸின் ஒபினெல் 8 என்ற மடக்குக் கத்தி அழகானது, பழம் நறுக்க அருமை. ஆனால் மழையில் நனைந்தால் மரப்பிடி ஊதி, அலகைத் திறக்க நகம் பெயர்ந்துவிடும். செதுக்கவும் வேண்டுமென்றால் நிலைக் கத்திதான். நான் வைத்திருப்பது சுவீடனின் மோரா கம்பானியன். பிளாஸ்டிக் உறை, ரப்பர் பிடி, பார்க்க ஒன்றுமே இல்லை.

3. இரும்பு. கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும் என்பது உண்மை. ஆனால் நான் இருப்பது கடற்கரை ஊர். எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் வைத்தால் காலையில் துருப்பொட்டு தெரியும். புதியவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் போதும்.

4. தீட்டுவது. இங்கேதான் நான் ஒரு கத்தியையே இழந்தேன். வாய் (வெட்டும் விளிம்பு) மழுங்கியதும், தெருவில் வந்த சாணை பிடிப்பவரிடம் கொடுத்தேன். அருவாளுக்குப் பிடிப்பது போலவே பிடித்துக் கொடுத்தார், அவர்மேல் தப்பில்லை. பொறி பறந்தது, முனை நீலம் பாய்ந்தது. சூட்டில் எஃகின் கடினப் பதம் போய்விட்டது என்று அப்புறம்தான் புரிந்தது. அந்த முனை பிறகு கூர் நிற்கவே இல்லை.

அடுத்த கத்தியை வீட்டிலேயே தீட்டினேன். சமையலறைக் கத்தி மாதிரி கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தீட்டினேன், அதுவும் தவறு. மோரா வகைக் கத்தியில், வாயை ஒட்டி இரு பக்கமும் அகலமான தட்டைச் சரிவு இருக்கும். அந்தச் சரிவு முழுவதும் கல்லில் படிய வேண்டும். தூக்கினால் வாயில் இன்னொரு குட்டிச் சரிவு விழும். காகிதத்தை வெட்டும், ஆனால் மரத்தில் கவ்வாமல் வழுக்கும்.

படிகிறதா என்று எப்படித் தெரியும்? சரிவில் மார்க்கர் பேனாவால் பூசுங்கள். நனைத்த 1000 எண் (நுண்மணி) தீட்டுக்கல்லில் நாலு தடவை இழுத்துப் பாருங்கள். மை முழுக்கப் போனால் சரி. வாயோரம் மட்டும் போனால் தூக்கிவிட்டீர்கள், மேலே மட்டும் போனால் வாய் இன்னும் கல்லைத் தொடவில்லை. முனைப் பக்கம் வளையும் இடத்தில் மட்டும் பிடியை லேசாக உயர்த்துங்கள். மறுபக்கத்தில் விரலுக்குப் பிசிறு (வாயோரம் மடங்கி நிற்கும் மெல்லிய எஃகு) தட்டுப்பட்டதும் கத்தியைத் திருப்புங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில், முதுகு முன்னே போகும்படி இருபது இழுப்பு.

5. மரம். காய்ந்த வேம்பு கல் மாதிரி கெட்டி. அன்றே வெட்டிய பச்சைக் கிளையில் தொடங்குங்கள். கர்நாடகத்தின் சென்னபட்டணா மரப்பொம்மைக்கு எடுக்கும் வெட்பாலை கிடைத்தால் அதிர்ஷ்டம். காப்புக்காட்டில் கிளை ஒடிக்காதீர்கள், வீட்டுத் தோட்டத்தில் கழித்ததே போதும்.

பிற்சேர்க்கை: போலீஸ் பிடிக்குமா என்று சிலர் கேட்டார்கள். 2016 ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றிப் பேசுகின்றன. வீட்டு, விவசாய வேலைக்கானவை விலக்கு. நம்முடையது அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் பேருந்தில் உறையோடு பைக்குள் இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று: துருப்பிடிக்காமலிருக்க கார்பன் கத்திக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம். ஆனால் கொடைக்கானல் குளிரில் ஒருவருக்கு அது உறைந்து உறைக்குள் கட்டியாக ஒட்டிக்கொண்டதாம். அங்கே போனால் தையல் மெஷின் எண்ணெய். பழம் நறுக்கும் முன் துடைத்துவிடுங்கள்.